பதினோரு பேர் தொட்ட நாக்கு

இந்துராணியின் மகள் பிறந்த ஐந்தாம் நாள் காலையில், அம்மா பால் கொடுக்க மடியில் எடுத்து வைத்ததும், உதட்டை இறுக மூடிக்கொண்டு, மோவாயைத் தோளில் ஒரு இடி இடித்து, "ம்க்கும்" என்றாள். அதற்குப் பிறகு மேடையில் பேசப் போகிறவர் போலத் தொண்டையைக் கனைத்தாள், அதற்குப் பிறகு நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்து "உச், உச், உச்" என்று மூன்று முறை பரிதாபப்பட்டாள், அதற்குப் பிறகு உதட்டை நக்கிக்கொண்டு இதோ குடிக்கப் போகிறேன் என்பதுபோல அம்மாவைப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் குடிக்காமலே கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் பம்புசெட்டுத் தெருவில் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை. கனைப்பு யாருடையது, உச்சு யாருடையது, ம்க்கும் யாருடையது என்று காது இருக்கிற எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரியாத மாதிரி இருப்பதிலேயே ஐந்து நாள் போயிற்று.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் சேனை வைப்பது வழக்கம். நல்ல குணமுள்ள ஒருவர் சீனித்தண்ணீரில் விரலை நனைத்துப் பிள்ளையின் நாக்கில் ஒரு சொட்டு வைத்தால், வைத்தவரின் குணம் அந்தப் பிள்ளைக்கு வரும் என்பார்கள். சேனை வைக்க யாரைக் கூப்பிடுவது என்பதில் எங்கள் தெருவில் இரண்டு கல்யாணம் நின்றிருக்கிறது, ஒரு மண்டை உடைந்திருக்கிறது. இந்த முறை நர்ஸ் எஸ்தர் சிஸ்டர் அதற்கெல்லாம் இடம் வைக்கவில்லை. பிள்ளை பிறந்த மூன்றாம் நாள், இந்துராணி பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே வாசலில் நின்றுகொண்டு, தெருவில் உள்ள அத்தனை பேரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கூடாது. சேனை, தேன், கழுதைப்பால், கோரோசனை, எதுவும் கூடாது. பிள்ளை நல்லாக் குடிக்குது. அதைக் கெடுக்காதீங்க. சரியா?"

"சரி சிஸ்டர்" என்றது தெரு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி.

சரி என்று சொன்ன தெரு, அன்றும் மறுநாளும் பிள்ளை பார்க்கிற சாக்கில் ஒவ்வொருவராக உள்ளே போய், இந்துராணி குளிக்கிற நேரம் பார்த்து, தூங்குகிற நேரம் பார்த்து, தலையைத் திருப்புகிற நேரம் பார்த்து, ஒரு சொட்டு என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டு விரலை நீட்டியது. பதினோரு பேர். பதினோரு பேருக்கும் தெருவிலேயே தங்கமான குணம் தனக்குத்தான் என்ற எண்ணம் பல வருடமாக உள்ளே இருந்தது, இத்தனை வருடத்தில் ஒரு வீட்டிலும் சேனை வைக்க வாங்க என்று கூப்பிடவில்லையே என்ற தாங்கலும் இருந்தது. யாரும் கூப்பிடாததால் தாங்களே போனார்கள். அந்தப் பதினோரு பேரில் நானும் ஒருவன். நான் இந்தத் தெருவில் ஃபேன், மிக்ஸி பழுது பார்க்கிறவன், கரண்டு சொக்கலிங்கம் என்பார்கள், ஃபேன் ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள், போனேன், ஃபேனுக்கு நேர் கீழே பிள்ளை கிடந்தது, அடுக்களையில் சீனி டப்பா திறந்து கிடந்தது. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வான்?

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். வார்டு மெம்பர் மாசானமுத்து வைத்த சொட்டோடு அவர் கனைப்பு போயிற்று, ஆவுடைத்தங்கம் வைத்த சொட்டோடு அவள் உச்சுக் கொட்டல் போயிற்று, பலசரக்குக் கடைக்காரரின் ஏப்பம் போயிற்று, தபால்காரரின் பெருமூச்சு போயிற்று, நான் பொய் சொல்லுமுன் உதட்டை நக்குவேனே, அந்த நக்கல் போயிற்று. நல்ல குணம் என்று நினைத்து ஆளுக்கு ஒன்றை அனுப்பினோம், நாக்கு நுனியில் எது உட்கார்ந்திருந்ததோ அதுதான் ஏறிப் போயிற்று. போனது சும்மா போகவில்லை, எங்களிடமிருந்து அறுத்துக்கொண்டு போயிற்று.

அந்த ஐந்து நாளும் எங்கள் தெரு இருந்த இருப்பை இதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. மோட்டார் ரிப்பேர் பற்றிக் கூட்டம் போட்டார்கள், கனைப்பு இல்லாத மாசானமுத்து எழுந்து, "மோட்டார் போயிட்டு. மாத்தணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார், அவருக்குக் காய்ச்சல் என்று நினைத்து இரண்டு பேர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆவுடைத்தங்கம் உச்சுக் கொட்டிய வீட்டில் காய்ச்சின பால் திரிந்துபோகும் என்று பேர், அவள் இப்போது ஒவ்வொரு வீட்டையும் பார்த்து "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனாள், பால் திரியாததோடு எருமைகள் ஒரு படி கூடவே கறந்தன. என்னைச் சொல்ல வேண்டும் என்றால், நான் எதைச் சொன்னாலும் "என் கண்ணால பாத்தேன்" என்று முடிப்பேன், அதில் முக்கால்வாசியை நான் பார்த்திருக்க மாட்டேன். அந்த ஐந்து நாள் எனக்கு ஒரு பொய்யும் வரவில்லை. மிக்ஸி ஏன் இன்னும் ஆகவில்லை என்று கேட்டவர்களிடம் "தூங்கிட்டேன்" என்றேன், குழம்பு எப்படி என்று கேட்ட என் மனைவியிடமும் உண்மையைச் சொன்னேன், அதன் பிறகு ஹோட்டலில் சாப்பிட்டேன்.

எல்லோரையும்விட மாறிப்போனது லிங்கக்கனி. இந்துராணி புருசனுக்கு அக்கா, மாவு மில் நடத்துகிறவள், கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவள். தம்பி லாரி ஓட்டிக்கொண்டு மாசத்தில் இருபது நாள் வெளியே கிடப்பான், வீட்டில் இருப்பது இவளும் இந்துராணியும்தான். லிங்கக்கனியின் 'ம்க்கும்' தெருவே அறிந்தது. அந்த ஒரு சத்தத்தில் தோசை தீய்ந்துவிட்டது, சீர் குறைந்துவிட்டது, உன் வளர்ப்பு சரியில்லை, உங்கப்பன் ஒரு ஆளா என்று நாலு வசவும் அடங்கியிருக்கும், நாலும் குறி தப்பாது. மூன்று வருடமாக இந்துராணி அந்தச் சத்தத்துக்குப் பயந்து பாத்திரத்தைக்கூட ஓசையில்லாமல் கழுவினாள். அந்த லிங்கக்கனிதான் இப்போது இந்துராணிக்குத் தலை வாரிவிட்டாள், பூண்டுக்குழம்பு வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோட்டி" என்றாள், வயிற்றுக்கட்டை இறுக்கிக் கட்டிவிட்டு "வலிக்கா?" என்று கேட்டாள். வலிக்கா என்று அந்த வீட்டில் தன்னை ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை என்று இந்துராணி பிறகு சொன்னாள், சொல்லும்போது அழுதாள்.

தெரு இப்படிச் சொர்க்கமாக இருக்க, பிள்ளை இளைத்துக்கொண்டு வந்தது. பிறந்தபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம், ஐந்தாம் நாள் இரண்டு அறுநூற்றைம்பது, ஒன்பதாம் நாள் சரியாக இரண்டரை. எஸ்தர் சிஸ்டர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிச் சுண்டுவிரலைப் பிள்ளை வாயில் வைத்துப் பார்த்தார். பசித்த பிள்ளை என்றால் நாக்கு கீழே படுத்து, தொன்னை மாதிரி குழிந்து விரலைச் சுற்றிக்கொண்டு உள்ளே இழுக்க வேண்டும். இது விரலுக்கு அடியில் கனைத்தது, ஏப்பம் விட்டது, பெருமூச்சு விட்டது. டாக்டரிடம் கொண்டுபோனார்கள், அவர் டார்ச் அடித்துப் பார்த்து, நாக்கு ஒட்டவில்லை, அண்ணம் பிளக்கவில்லை, வாயில் ஒரு குறையும் இல்லை என்றார். பிள்ளை அவரைப் பார்த்து "ம்க்கும்" என்றது. அவர் தன் சட்டை பட்டனைச் சரிபார்த்துக்கொண்டார்.

"வாய்ல குறை இல்ல, கூட்டம்தான் இருக்கு" என்றார் எஸ்தர் சிஸ்டர் திரும்பி வரும்போது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சி, பாலாடைச் சங்கின் மூக்கைப் பிள்ளையின் கடைவாயில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லிக் கொடுத்தார். இந்துராணி விட்டாள். பத்துச் சொட்டு உள்ளே போனால் எட்டுச் சொட்டு கனைப்பில் வெளியே வந்தது. பிள்ளை சப்பாத மார்பில் பாலும் குறைந்துகொண்டே வந்தது. "இன்னும் இருபது கிராம் இறங்குனா நாளைக்குச் சாயங்காலம் பெரியாஸ்பத்திரில சேத்து மூக்கு வழியா குழாய் போடணும்மா" என்றார் சிஸ்டர். இந்துராணிக்கு அந்தச் சொல்லே மூக்கில் ஏறின மாதிரி இருந்தது.

அன்று மத்தியானம் ஆவுடைத்தங்கமும் பலசரக்குக் கடைக்காரரும் தெருவின் சார்பாக ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்கள்.

"அம்மா, பாலாடைலதான் குடிக்குல்லா, அப்படியே வளந்துட்டுப் போகுது" என்றார் கடைக்காரர். "தெரு நல்லாருக்கு பாத்தியா? சண்டை இல்ல, சச்சரவு இல்ல."

"நல்லாருக்கு" என்றாள் ஆவுடைத்தங்கம். அவளால் அதைத்தான் சொல்ல முடிந்தது.

இந்துராணி வாழைப்பழச் சீப்பை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "உங்க வாய் சுத்தமா இருக்கணும்னு எம் புள்ள வாய் குப்பைத்தொட்டியா கிடக்கணுமா? போங்க" என்றாள். மூன்று வருடத்தில் அந்த வீட்டுக்குள்ளிருந்து லிங்கக்கனி குரல் தவிர வேறு குரல் இவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை.

மோட்டாரை மாற்றியாயிற்று, பத்தாம் நாள் காலை தண்ணீர் விடுகிற முறை. நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீருக்குத் தெரு மொத்தமும் குடத்தோடு பம்புசெட்டு முன்னால் வரிசையில் நிற்கும், அந்த வெயிலில், அந்தக் கூட்டத்தின் நடுவே, இந்துராணி பச்சை உடம்போடு பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து சிமெண்டு மேடையில் உட்கார்ந்தாள். "நான் ஒண்ணும் கேக்கல. பிள்ளையே சொல்லும், கேட்டுக்கிடுங்க" என்றாள். பிள்ளையின் கன்னத்தில் ஒரு விரலால் தொட்டாள். கன்னத்தைத் தொட்டால் பால் என்று நினைத்து அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறப்பது எல்லாப் பிள்ளைக்கும் உள்ளது. இதுவும் திரும்பியது, திறந்தது, கனைத்தது.

"மெம்பரு!" என்று வரிசையில் ஒரு குடம் கத்தியது.

அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. பிள்ளை ஏப்பம் விட்டது, "அண்ணாச்சி!" என்றார்கள். பெருமூச்சு விட்டது, "தபாலு, தபாலு!" என்றார்கள். உச்சுக் கொட்டியதும் ஆவுடைத்தங்கம் குடத்துக்குப் பின்னால் மறைந்தாள். பிள்ளை உதட்டை நக்கியது, வரிசை மொத்தமும் என்னைப் பார்த்தது, என் மனைவி எல்லோருக்கும் முன்னால் பார்த்தாள். மிச்ச ஆட்களையும் பிள்ளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, தெரு விழுந்து விழுந்து சிரித்து, சிரிப்பு ஓய்ந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது, இவ்வளவையும் அந்தச் சின்ன வாய் பட்டினியோடு செய்துகொண்டிருக்கிறது. பிள்ளையின் கை முருங்கைக்காய் மாதிரி மெலிந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. சிரித்த வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

முதலில் மாசானமுத்துதான் குடத்தைக் கீழே வைத்தார். பிள்ளை முன்னால் குனிந்து, "நான்தான் தாயி வச்சேன். சிஸ்டர்ட்ட சரின்னுட்டு வந்து வச்சேன்" என்றார். பிள்ளை அவரை நன்றாகப் பார்த்தது, பார்த்துவிட்டு முகம் முழுவதையும் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. கொட்டாவியைப் பார்த்தவன் கொட்டாவி விடாமல் இருக்க முடியுமா? மாசானமுத்துவும் விட்டார். விட்ட வாயை மூடியதும் ஒரு கனைப்புக் கனைத்து, "அன்பார்ந்த பம்புசெட்டுத் தெருப் பெருமக்களே" என்று ஆரம்பித்தார். அவர் பேசி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று, அதற்குள் நாங்கள் ஒன்பது பேரும் குனிந்து, ஒப்புக்கொண்டு, கொட்டாவி விட்டு, எங்கள் எங்கள் சனியனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். ஆவுடைத்தங்கம் வாங்கியதும் முதல் காரியமாக என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். அன்று சாயங்காலமே என் டெஸ்டர் தொலைந்துபோயிற்று.

பத்துப் போயிற்று, ஒன்று மிச்சம். இந்துராணி மறுபடி கன்னத்தைத் தொட்டாள். பிள்ளை திரும்பி, உதட்டை இறுக்கி, மோவாயை இடித்து, "ம்க்கும்" என்றது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, யார் பேரையும் சொல்லவில்லை, குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்துராணி எழுந்து வீட்டுக்கு நடந்தாள். தெரு தண்ணீரைத் திறந்து போட்டுவிட்டுப் பின்னாலேயே போய் ஜன்னலில் ஒட்டிக்கொண்டது. நானும் ஒட்டிக்கொண்டேன், ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

லிங்கக்கனி அடுக்களையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவளுக்குக் கேட்டிருந்தது.

"மதினி."

"நான்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"அஞ்சாம் நாள் காலைலேயே."

"அப்ப ஏன்ட்டி கேக்கல?"

இந்துராணி பிள்ளையைச் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்தாள். "நீங்க தலை வாரிவிட்டியல்லா" என்றாள். "நாளைக்கு எடைல ஏறிரும், நாளைக்கு ஏறிரும்னு இருந்துட்டேன் மதினி. எம் புள்ள பசிக்கு நானும் ஒரு பங்கு."

லிங்கக்கனி அடுப்பை அணைத்தாள். "எனக்குப் பிள்ளை இல்ல. எனக்குள்ளயும் நல்லது ஏதாவது ஒண்ணு கிடக்கும்லா, அது இதுக்குப் போகட்டும்னுதான் வச்சேன். போனதப் பாரு." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "இது வேண்டாம்ட்டி எனக்கு. அது இல்லாம அஞ்சு நாளா எனக்கே என்னைப் பிடிச்சிருக்கு. திரும்ப வந்தா உன்னை ஏசுவேன்."

"ஏசுங்க."

"நீ அழுவ."

"எம் புள்ள அழுததுக்கு நான் அழுதா ஒண்ணுமில்ல." இந்துராணி பிள்ளையை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "அது ஒண்ணும் கெட்டதில்ல மதினி. அது இல்லாட்டா இந்தப் பத்து வருசத்துல இந்தத் தெரு உங்களைத் தின்னு ஏப்பம் விட்டிருக்கும். இவ வாய்க்குத்தான் அது பெருசு. உங்க வாய்க்குச் சரியா இருக்கும்."

லிங்கக்கனி பிள்ளையைப் பார்த்தாள். "நான்தான் வச்சேன், தங்கம்" என்றாள், அவ்வளவு மெதுவாக அவள் பேசி நாங்கள் கேட்டதில்லை. பிள்ளை வாயைத் திறந்தது, திறந்தது, உள்நாக்கு தெரிகிற அளவுக்குத் திறந்து, அந்த வீட்டையே விழுங்கப் போகிற மாதிரி ஒரு கொட்டாவி விட்டது. லிங்கக்கனியும் விட்டாள். ஜன்னலில் நின்ற நாங்களும் விட்டோம். அந்தக் கொட்டாவி மூடுவதற்குள் இந்துராணி பிள்ளையைச் சட்டென்று மார்போடு சேர்த்து அணைத்தாள், திறந்த வாய் நிறையக் கவ்விக்கொண்டது, நாக்கு கீழே படுத்தது, தாடை அசைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு 'க்' என்று ஒரு சத்தம், மறுபடி 'க்' என்று ஒரு சத்தம். பிள்ளை விழுங்குகிறது. தெருவில் திறந்து போட்ட தண்ணீர் வாசல் வரைக்கும் வந்துவிட்டது, அதை மூட ஒருவரும் போகவில்லை.

லிங்கக்கனி வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். கையை எடுத்தால் என்ன வருமோ என்ற பயம் அவளுக்கு.

"பேசுங்க மதினி" என்றாள் இந்துராணி, பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

லிங்கக்கனி கையை எடுத்தாள். இந்துராணியைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"ம்க்கும்! வந்துட்டாவ, பச்சப்புள்ள பால் குடிக்கத வேடிக்கை பாக்க! தண்ணி தெரு பூரா ஓடுது, மூட ஆளில்ல. இனி எவனாவது, எவளாவது சீனித்தண்ணி, தேனுன்னு இந்தத் தெருவுல ஒரு புள்ள வாய்ல விரலை வச்சிய, அந்த விரலை என் மில்லுல போட்டு அரைச்சிருவேன்!"

நாங்கள் ஓடினோம். உள்ளே இந்துராணி சிரிக்கிற சத்தம் கேட்டது, அவள் சிரிக்கச் சிரிக்கப் பால் இறங்கி, பிள்ளை திணறித் திணறிக் குடித்ததாம். அதிலிருந்து எட்டாம் நாள் எஸ்தர் சிஸ்டர் எடை போட்டார், பிறந்த எடைக்கு வந்திருந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் மூன்று பிரசவம் ஆகிவிட்டது, ஒன்றிலும் சிஸ்டர் சரியா என்று கேட்கவில்லை. பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டு வாசலில் லிங்கக்கனியை ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டுப் போய்விடுகிறார், மெம்பரே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போகிறார். வீட்டிலும் அவள் மாறிவிடவில்லை. மறுநாளே தோசையைப் பார்த்து ம்க்கும் என்றாள், இந்துராணியும் அடுக்களைக்குள் போய் அழத்தான் செய்தாள். ஆனால் அழுதுவிட்டு வந்து, "மதினி, தலை வாரிவிடுங்க" என்று சீப்போடு முன்னால் உட்கார்ந்தாள், லிங்கக்கனி திட்டிக்கொண்டே வாரிவிட்டாள்.

ஆறு மாதம் முடிந்த அன்று பிள்ளைக்கு முதல் சோறு. பருப்பும் சோறும் குழையக் கடைந்து, நெய் ஒரு துளி விட்டு, இந்துராணி கிண்ணத்தை மதினி கையில் கொடுத்தாள். "கூப்பிட்டுத்தான் சொல்லுதேன். நீங்க ஊட்டுங்க" என்றாள். முதல் வாயைப் பிள்ளை நாக்கால் வெளியே தள்ளியது, இரண்டாவதையும் தள்ளியது. மூன்றாவது வாய் ஊட்டும்போது லிங்கக்கனி, தனக்கே தெரியாமல், பிள்ளை திறக்க வேண்டும் என்று தன் வாயை 'ஆ' என்று திறந்தாள். பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தானும் 'ஆ' என்று திறந்தது. கிண்ணம் காலியாகிற வரைக்கும் பத்து வருடமாக நாங்கள் பயந்த அந்த வாய், ஒரு சொல்லும் இல்லாமல், அகலத் திறந்தபடியே இருந்தது.

என் கண்ணால் பார்த்தேன். உதட்டை நக்காமல்தான் சொல்கிறேன்.